கேட்டது, வந்தது

வால்கா. ஞாயிற்றுக்கிழமை.
சுழியத்துக்குக் கீழே இருபத்து மூன்று.
ராய்விஸ், உன் பழைய ஸ்வீடன் வண்டி
இன்றும் என் ஷெட் வாசலில்
இருமிக்கொண்டு வந்து நிற்கிறது.

வேகமெடுக்கும்போது யாரோ
பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள் என்கிறாய்,
எஸ்தோனிய மொழியில் பாதி, லாத்விய மொழியில் பாதி,
மீதிக்குக் கை.
டிசம்பரில் நான் சோலினாய்டை மாற்றினேன்.
அதற்குமுன் எவனோ டர்போவையே மாற்றினான்.
பணம் போனது.
இழுப்பு போகவில்லை.

அதனால்தான் இந்த முறை ஸ்பானரைத் தொடாமல்
உன் டாஷ்போர்டுக்கு அடியில்
தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைச் செருகி
மூன்று நாள் ஓட்டிவிட்டு வா என்றேன்.
நொடிக்கு இருபது முறை
அது உன் எஞ்சினின் நாடியைப் பிடித்துப் பார்த்தது.

லேப்டாப்பில் இப்போது இரண்டு கோடுகள்.
நீலம், கணினி கேட்ட அழுத்தம்.
சிவப்பு, டர்போ கொடுத்தது.
சரியான வண்டியில் சிவப்பு சற்றுப் பிந்தும், சற்று முந்தும்,
பிறகு நீலத்தின்மேல் படுத்துக்கொள்ளும்.

உன்னுடையதில், மூவாயிரத்து இருநூறு சுற்றில்
நீலம் கேட்பது ஒன்று புள்ளி ஒன்று.
சிவப்பு அதைத் தாண்டி
ஒன்று புள்ளி மூன்று
ஒன்று புள்ளி ஐந்து
பால் பொங்குவதுபோல் பொங்கி,
சட்டென்று எரிபொருள் அறுகிறது.

உன் சட்டையை இழுத்தவன் இவன்தான்.
பிஸ்டன் உருகிவிடக் கூடாதே என்று இழுத்திருக்கிறான்.
பலம் போதவில்லை என்று நீ வந்தாய்.
பலம் தாங்கவில்லை என்கிறது கோடு.

அடுத்த வரிசை, த்ராட்டில்.
மெதுவாகத்தான் மிதிப்பேன் என்றாயே?
நூறு. நூறு. நூறு. தொண்ணூற்றெட்டு. நூறு.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
நீ காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடுகிறாய்.
ஏழு மணிக்குள் வோருவில் நான்கு கடைக்கு ரொட்டி.
தெரியும்.

பொங்கும்போது கணினியும் சும்மா இருக்கவில்லை.
சோலினாய்டுக்குக் கொடுப்பதை
அறுபது சதவீதத்திலிருந்து இருபது, இருபதிலிருந்து சுழியம் என
இறக்கிக்கொண்டே கத்துகிறது:
கதவைத் திற, புகை வெளியே போகட்டும், கதவைத் திற.
கதவு திறக்கவில்லை.

'வேஸ்ட்கேட், துரு' என்று எழுதி
முந்நூற்று நாற்பது யூரோ என்று பக்கத்தில் போட்டுவிட்டேன்.
பேனாவை மூடியபிறகுதான் கண்ணில் பட்டது.
அதே வெள்ளிக்கிழமை, ஐந்து நாற்பத்தொன்று,
அதே கியர், அதே சுற்று, அதே நூறு.
சிவப்பு நீலத்தின்மேல் சாதுவாகப் படுத்திருக்கிறது.

அரை மணியில் கரையும் துரு உண்டா?

யாரும் திறக்காத வரிசையைத் திறந்தேன்.
எஞ்சின் நீரின் வெப்பம்.
பொங்கிய பதினோரு இடத்திலும் நாற்பதுக்குக் கீழே.
எண்பதைத் தொட்டபின் ஒரு பிழைகூட இல்லை.
என் ஷெட்டிலோ எப்போதும் பதினெட்டு டிகிரி.
நோய் வாசலிலேயே நின்றுகொண்டு
வண்டியை மட்டும் உள்ளே அனுப்பியிருக்கிறது.
நான் இரண்டு மாதம்
ஆரோக்கியத்துக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

கையுறையோடு வெளியே போனோம்.
பானெட்டுக்குள், கதவுக்குச் செய்தி கொண்டுபோகும்
அந்த மெல்லிய ரப்பர் குழாய்.
நடுவில் தொய்ந்து ஒரு தொட்டில் போலத் தொங்குகிறது.
அழுத்தினேன். நறநறவென்றது.
கழற்றித் தட்டியதும் உள்ளங்கையில் விழுந்தது
குச்சி போல் ஒரு பனிக்கட்டி.
கதவு செவிடில்லை, ராய்விஸ்.
குரல்தான் வழியில் உறைந்திருந்தது.
நீ பார்க்க வேண்டும் என்று கையுறையைக் கழற்றி நீட்டுவதற்குள்
அது பாதி நீராகிவிட்டது.

புதுக் குழாய் நான்கு யூரோ.
தொய்வில்லாமல், நீர் தங்காத சரிவில் கட்டினேன்.
முந்நூற்று நாற்பதை அடித்தேன்.
வாசித்ததற்கு எவ்வளவு என்று கேட்டாய்.
யோசித்து முப்பது என்றேன்.
குறைத்துச் சொல்லிவிட்டேனோ என்று இன்னும் தோன்றுகிறது.

பெட்டியை ஒரு நாள் விட்டுவைத்தோம்.
திங்கள், காலை ஐந்து ஒன்பது.
நீரின் வெப்பம் பதினொன்று.
நீலம் ஒன்று புள்ளி ஒன்று.
சிவப்பு ஒன்று புள்ளி ஒன்று.
த்ராட்டில், நூறு.